எல்லாம் பச்சையாகத்தான் இருந்தது

என் காரின் டாஷ்போர்டு பெட்டிக்குள் நான்காக மடித்த இரண்டு தாள்கள் கிடக்கின்றன. இரண்டும் வீல் அலைன்மென்ட் மிஷினில், அதாவது சக்கரங்கள் நிற்கும் கோணங்களை அளக்கும் மிஷினில் இருந்து வந்தவை. நான்கு சக்கரத்துக்கும் கேம்பர் (முன்னாலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ சாயும் கோணம்), டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரத்தின் மூக்கு உள்ளேயோ வெளியேயோ திரும்பும் கோணம்), முன்னால் இரண்டுக்கு மட்டும் காஸ்டர் (பக்கவாட்டில் பார்த்தால் சக்கரம் திரும்பும் அச்சு சாயும் கோணம்). ஒவ்வொரு எண்ணுக்குப் பக்கத்திலும் ஒரு பச்சைக் கட்டம், இரண்டு தாளிலும் சிவப்பு ஒன்றுகூட இல்லை. "எல்லாம் பச்சை சார், இனிமே நிம்மதியா ஓட்டுங்க" என்றுதான் அந்த ஆபரேட்டர் முதல் தாளைக் கொடுத்தார். மூன்று வாரம் கழித்து இரண்டாவது தாளைக் கொடுக்கும்போதும் கிட்டத்தட்ட அதையேதான் சொன்னார். நடுவில் அந்த மூன்று வாரத்தில் நான் ஓட்டிக்கொண்டிருந்தது ஒரே கார்தானா என்ற சந்தேகம் மட்டும் எனக்குத் தீரவில்லை.

கார் ஒரு முதல் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5, 1.8 லிட்டர். தெரிந்தவர்களுக்கு அந்த வண்டியைப் பற்றி நான் சொல்லித்தர வேண்டியதில்லை, மற்றவர்களுக்கு: இரண்டு பேர் உட்காரும் குட்டி ஸ்போர்ட்ஸ் கார். எடை ஒரு டன்னைச் சுற்றி, நான்கு மூலையிலும் டபுள் விஷ்போன் (சக்கரத்தை மேலே ஒன்று, கீழே ஒன்று என்று பிடிக்கும் இரண்டு ஆர்ம்), முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவில் 2265 மில்லிமீட்டர்தான். இவ்வளவு குட்டையான வண்டியில் ஒரு மூலை சொல்பேச்சு கேட்காவிட்டாலும் ஓட்டுகிறவன் இடுப்புக்குத் தெரிந்துவிடும். வாங்கியபோதே, ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்கும் பழைய ஷாக் நான்கும் செத்துவிட்டிருந்தன. மேட்டில் ஏறி இறங்கினால் முன்பக்கம் இரண்டு தடவை தலையாட்டிவிட்டுத்தான் அடங்கும். பின்னால் ஒரு ஷாக்கின் உடம்பு முழுக்க எண்ணெயும் தூசியும் சேர்ந்து கறுப்பு மாவு மாதிரி அப்பியிருந்தது. மாற்றித்தான் ஆக வேண்டும். மாற்றும்போது அப்படியே கொஞ்சம் இறக்கி, கொஞ்சம் கடினமாக்கி, உயரத்தை நாமே திருகிக்கொள்ளும்படி காயிலோவராகவே (ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒன்றாகச் சேர்ந்தது) போட்டுவிடலாம் என்று ஆசை. மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவில் அந்தப் பெரிய இடைவெளி போய்விடும் என்பதும் ஒரு காரணம். வெட்கத்தோடு ஒத்துக்கொள்கிறேன்.

கணக்கில் தப்பில்லை

ஸ்பிரிங் தேர்வில் நான் அவசரப்படவில்லை. பெட்டியில் அச்சிட்டிருக்கும் எண்ணைப் பார்த்து வாங்குகிறவர்கள் தடுக்கி விழும் இடம் இதுதான். விஷ்போன் வண்டியில் ஸ்பிரிங் சக்கரத்துக்கு நேர் மேலே உட்காருவதில்லை, ஆர்மின் நடுவில் எங்கோ உட்காருகிறது. சக்கரம் 10 மில்லிமீட்டர் ஏறினால் ஸ்பிரிங் 7 மில்லிமீட்டர்தான் சுருங்கும் என்று வைத்துக்கொள்வோம். சுருங்குவது 0.7 மடங்கு. அந்த விசை ஆர்மின் நெம்புகோல் வழியாகச் சக்கரத்துக்கு வந்து சேரும்போது இன்னொரு 0.7 மடங்காகக் குறையும். ஆக 0.49. பெட்டியில் 60 நியூட்டன்/மி.மீ என்று போட்டிருந்தால் சக்கரம் உணர்வது 29தான், பாதிக்கும் குறைவு. அந்த மூலையில் ஸ்பிரிங் தாங்கும் எடை 235 கிலோ என்றால், அது ஆடும் வேகம் நொடிக்குச் சுமார் 1.77 தடவை. சாதாரணக் குடும்பக் கார்கள் 1-க்கும் 1.5-க்கும் நடுவில் ஆடும். 2-க்கு மேல் போனால் நல்ல ரோட்டில் ஓட்டுகிறவனுக்கு மட்டும்தான் பிடிக்கும், பக்கத்து சீட்டுக்காரருக்கு நிச்சயம் பிடிக்காது. 1.77 எனக்குச் சரியாகப்பட்டது.

பின்பக்கம் அதைவிடக் கொஞ்சம் வேகமாக ஆட வேண்டும். இது 1930-களிலேயே ஜெனரல் மோட்டார்ஸில் மாரிஸ் ஓலி என்ற பொறியாளர் கண்டு சொன்ன சமாசாரம். மேட்டில் முன் சக்கரம் முதலில் ஏறுகிறது, பின் சக்கரம் சற்றுத் தாமதமாக ஏறுகிறது. என் வண்டியில் 80 கிலோமீட்டர் வேகத்தில் அந்தத் தாமதம் ஏறக்குறைய பத்தில் ஒரு நொடி. தாமதமாக ஆரம்பித்த பின்பக்கம் கொஞ்சம் வேகமாக ஆடினால் முன்பக்கத்தை எட்டிப் பிடித்துவிடும், வண்டி தவளை மாதிரி முன்னும் பின்னும் குத்தாமல் ஒரே பலகையாக மேலும் கீழும் போய் அடங்கும். இதையும் பார்த்துத்தான் பின் ஸ்பிரிங்கை எடுத்தேன்.

இறக்கியதும் அளவோடுதான், 25 மில்லிமீட்டர். இந்த வண்டியில் மேல்நோக்கிய பயணம் ஏற்கெனவே குறைவு. இதற்கு மேல் இறக்கினால் ஷாக்கின் தண்டு எப்போதும் பம்ப் ஸ்டாப் மேலேயே உட்கார்ந்திருக்கும், அப்புறம் நீங்கள் ஸ்பிரிங்கில் ஓட்டவில்லை, ஒரு ரப்பர் துண்டில் ஓட்டுகிறீர்கள். "கடினமான சஸ்பென்ஷன்" என்று பலர் புகார் சொல்வது ஸ்பிரிங்கைப் பற்றியே இல்லை, இதைப் பற்றித்தான் என்பது என் எண்ணம்.

ஆக, சாமானில் குறை இல்லை, கணக்கிலும் குறை இல்லை. இதை இவ்வளவு நீட்டிச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கணக்கு சரியாக இருந்ததால்தான் பின்னால் வந்த சிக்கலில் நான் கையைப் பார்க்காமல் சாமானையே சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன்.

இரண்டு நாள் வேலை

மாட்டிய கதை சுருக்கமானது. பின்பக்கம் இரண்டும் சுலபமாக முடிந்தன. முன்பக்கத்தில் ஷாக்கை வெளியே எடுக்க ஒரு குறுக்கு வழி உண்டு. மேல் விஷ்போனின் உள்பக்கத்தில், இரண்டு ரப்பர் புஷ்களுக்கும் ஊடாக ஒரே நீளமான போல்ட் போகும். அதை உருவிவிட்டால் ஆர்ம் அப்படியே ஒதுங்கிக்கொள்ளும், பால் ஜாயின்டைத் தொட வேண்டாம். இந்த வண்டி வைத்திருக்கிற எல்லோரும் அந்த நீள போல்ட் முறையைத்தான் சொல்வார்கள். நானும் அதைத்தான் செய்தேன். இடது முன்பக்கம் சனிக்கிழமை மாலை முடிந்தது. கார் ஸ்டாண்டில், சக்கரம் கழற்றி, ஆர்ம் தொங்கிக்கொண்டிருக்க, புது ஷாக்கை ஏற்றி, போல்ட்டைத் தள்ளி, குறித்த இறுக்கம் வந்ததைச் சொல்லும் டார்க் ரெஞ்சில் 'க்ளிக்' வரும்வரை இறுக்கினேன். அந்தச் சத்தம் தருகிற திருப்தி தனி. வலது பக்கம் போல்ட்டை உள்ளே தள்ளும்போதே இருட்டிவிட்டது. கையால் திருகி வைத்துவிட்டு, மறுநாள் காலையில் வண்டியை அரை அடி நகர்த்த வேண்டியிருந்ததால் சக்கரத்தை மாட்டிக் கீழே இறக்கினேன். அப்புறம்தான் போல்ட் ஞாபகம் வந்தது. ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுக்க ஒடித்து, மட்கார்டுக்குள் கையை விட்டு, உடம்பை வளைத்து எப்படியோ இறுக்கி முடித்தேன். கஷ்டப்பட்டு செய்ததால் அந்தப் பக்கம்தான் மோசமாகச் செய்துவிட்டதாக ஒரு உறுத்தல் இருந்தது. நடந்தது நேர் எதிர்.

வீல் மையத்தில் இருந்து மட்கார்டு விளிம்பு வரை அளந்தால் வலது 330 மில்லிமீட்டர், இடது 338. "புது ஸ்பிரிங், உட்கார நாள் ஆகும்" என்று என்னை நானே தேற்றிக்கொண்டு இரண்டு நாள் ஓட்டினேன். உட்காரவில்லை. சரி, காயிலோவர் எதற்கு இருக்கிறது என்று இடது காலரை (ஸ்பிரிங்கைத் தாங்கி, ஷாக்கின் திருகு மறைகளில் ஏறி இறங்கும் வளையம்) சுற்றி இறக்கி, அதையும் 330 ஆக்கினேன். சக்கரத்தில் 8 மில்லிமீட்டர் இறங்க காலரில் ஐந்தரைக்கு மேல் திருக வேண்டியிருந்தது, அந்த 0.7 கணக்குதான். இப்போது இடது பக்கத்தில் காலருக்குக் கீழே தெரிகிற மறைகளும் வலது பக்கத்தில் தெரிகிற மறைகளும் ஒரே எண்ணிக்கையில் இல்லை. ஒரே நீளமுள்ள இரண்டு ஸ்பிரிங், ஒரே எடை, வேறு வேறு மறை. அங்கேயே நின்று யோசித்திருக்க வேண்டும். நான் யோசித்ததோ, பழைய வண்டி, பாடி எங்கேயாவது லேசாக முறுக்கியிருக்கும் என்று. அதன் பிறகுதான் அலைன்மென்ட்டுக்குப் போய் முதல் பச்சைத் தாளை வாங்கி வந்தேன்.

முதல் நாள் நன்றாகத்தான் இருந்தது. உண்மையில் மிக நன்றாக இருந்தது. ஒரு வாரத்தில் நேர் ரோட்டில் ஸ்டியரிங் லேசாக மூக்கைத் திருப்ப ஆரம்பித்தது. ரோட்டில் குறுக்கே ஒரு சின்ன விளிம்பு வந்தால் வலது முன்பக்கம் அமைதியாகத் தாண்டும், இடது முன்பக்கம் மட்டும் 'டக்' என்று மண்டையில் தட்டும். அதற்கடுத்த வாரம் இடது வளைவில் ஒரு கார், வலது வளைவில் இன்னொரு கார். கடுமையாகப் பிரேக் போட்டால் இடது முன் சக்கரம்தான் முதலில் பிடிப்பை விடும். டயர் காற்றை மாற்றிப் பார்த்தேன். ஷாக்கின் இறுக்கத்தை மாற்றும் மேல் திருகை நான்கு க்ளிக் கூட்டினேன், ஆறு க்ளிக் குறைத்தேன். முழுக்க இறுக்கியபோது இன்னும் மோசம். தொடர்ந்து மேடுபள்ளம் வந்தால் சக்கரம் கீழே திரும்பி வருவதற்குள் அடுத்த மேடு வந்துவிடும், வண்டி படிப்படியாகத் தரையை நோக்கி அமுங்கும். அதையாவது கற்றுக்கொண்டேன்.

மூன்றாவது வாரம் அதே இடத்துக்குப் போய், மறுபடி மிஷினில் ஏற்றச் சொன்னேன். இடது முன் கேம்பர் முன்பு மைனஸ் 0.9 டிகிரி, இப்போது மைனஸ் 1.2 (மைனஸ் என்றால் சக்கரத்தின் மேல்பக்கம் உள்ளே சாய்ந்திருக்கிறது). டோவும் நகர்ந்திருந்தது. கேம்பரை யாரும் தொடவே இல்லை, முதல் தடவையும் அவர் திருகியது டை ராடையும் (ஸ்டியரிங்கை முன் சக்கரத்தோடு இணைக்கும் கம்பி) பின் டோவையும் மட்டும்தான். ஆபரேட்டர் அலட்டிக்கொள்ளவில்லை. டை ராடை ஒரு கால் சுற்று திருகினார், ஒரே ஒரு மஞ்சள் கட்டம் பச்சையானது, இரண்டாவது தாள் வந்தது. அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மிஷினில் இருக்கும் எல்லைகள் தொழிற்சாலை உயரத்தில் நிற்கும் வண்டிக்கானவை. அந்த எல்லைக்குள் இடது ஓர் ஓரத்திலும் வலது மறு ஓரத்திலும் இருந்தால்கூடக் கட்டம் இரண்டும் பச்சைதான். பச்சை என்றால் 'எல்லைக்குள் இருக்கிறது' என்று மட்டும் அர்த்தம். நான் அதை 'சரியாக இருக்கிறது' என்று படித்துக்கொண்டேன். ஆனால் என்னை அரித்தது அதுகூட இல்லை. மூன்று வாரத்தில் யாரும் தொடாத ஒரு எண் ஏன் நகர வேண்டும்? இரும்பு நகராது. போல்ட் வழுக்கியிருந்தால் தடம் தெரியும், தெரியவில்லை. அப்படியானால் எது?

இரண்டு நிமிடம்

பதில் ஒரு போன் பேச்சில் கிடைத்தது. என்னைவிடப் பத்து வருடம் மூத்த ஒரு நண்பர், நான் அண்ணன் என்றே கூப்பிடுவேன். வார இறுதிகளில் டிராக்கில் ஓட்டுகிறவர், தன் வண்டியைத் தானே பிரித்து மாட்டுகிறவர். நான் ஸ்பிரிங், க்ளிக், டயர் என்று கால் மணி நேரம் பேசியதை முழுக்கக் கேட்டுவிட்டு, நான் சொல்லாத ஒன்றைக் கேட்டார்.

"அந்த நீள போல்ட்டை எப்போ இறுக்கினே?"

"ஷாக் மாட்டின அன்னைக்கேதான் அண்ணே."

"அன்னைக்குன்னா? வண்டி தரையில நின்னுச்சா, ஸ்டாண்ட்ல நின்னுச்சா?"

இடது ஸ்டாண்டில், வலது தரையில் என்று நான் சொல்லி முடிப்பதற்குள் எதிர்முனையில் சிரிப்புச் சத்தம் கேட்டுவிட்டது.

ரப்பர் புஷ் என்பது பேரிங் இல்லை. உள்ளே ஓர் இரும்புக் குழல், வெளியே இன்னோர் இரும்புக் குழல், நடுவில் இரண்டோடும் ஒட்டிய ரப்பர். போல்ட்டை இறுக்கினால் உள்குழல் பிராக்கெட்டோடு சேர்ந்து பிடித்துக்கொள்ளும். அதற்கு மேல் ஆர்ம் ஏறினாலும் இறங்கினாலும் எதுவும் சுழல்வதில்லை, ரப்பர்தான் முறுக்கிக்கொண்டு விட்டுக்கொடுக்கிறது. எந்த நிலையில் இறுக்குகிறோமோ அதுதான் அந்த ரப்பருக்கு ஓய்வு நிலை. ஆர்ம் தொங்கும்போது இறுக்கினால், வண்டியைத் தரையில் இறக்கிய அந்த நொடியிலிருந்தே ரப்பர் முறுக்கேறித்தான் நிற்கும், பழைய நிலைக்குத் திரும்பச் சக்கரத்தைக் கீழே தள்ளிக்கொண்டே இருக்கும். வேறு வார்த்தையில் சொன்னால், வண்டியைத் தூக்கிப் பிடிக்கும். இடது பக்கத்தின் அந்த 8 மில்லிமீட்டர் ஸ்பிரிங் கொடுத்தது இல்லை, புஷ் கொடுத்தது. நான் காலரை இறக்கி ஸ்பிரிங்கிடம் இருந்த சுமையைப் பிடுங்கி, ரப்பரின் தலையில் வைத்திருக்கிறேன்.

தொடர்ந்து முறுக்கி வைத்த ரப்பர் மெல்ல மெல்லத் தளரும், அது அதன் குணம். தளரத் தளர இடது முன்பக்கம் தினமும் கண்ணுக்குத் தெரியாமல் இறங்கியிருக்கிறது. உயரம் இறங்கினால் விஷ்போனின் கோணம் மாறும், கேம்பர் கூடும், டோ நகரும். நான்கு கால் மேசையில் ஒரு காலைத் தேய்த்தால் மற்ற மூன்று கால்களின் சுமையும் மாறுவது போல, ஒரு மூலை இறங்கியதும் நான்கு சக்கரத்தின் எடையும் இடம் மாறியிருக்கிறது. மிஷின் இரண்டு தடவையும் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறது. அன்றன்று அந்த ரப்பர் எங்கே நின்றதோ அதை அளந்து கொடுத்திருக்கிறது. வலது பக்கம் தற்செயலாகச் சரியாக அமைந்துவிட்டதால் என் தப்பு பாதித் தப்பாகி, பாதித் தப்பாக இருந்ததாலேயே கண்டுபிடிக்க முடியாமல் போனது. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி கெடுத்திருந்தால் இரண்டும் சேர்ந்து உயர்ந்து சேர்ந்து இறங்கியிருக்கும், "ஆமாம், புது ஸ்பிரிங் உட்கார்ந்துவிட்டது" என்று சந்தோஷமாக இருந்திருப்பேன்.

சர்வீஸ் மேனுவலில் இது இருக்கிறது. தற்காலிகமாக இறுக்கு, வண்டியைத் தரையில் இறக்கு, பிறகு முழுக்க இறுக்கு என்று தெளிவாகவே இருக்கிறது. நான் அந்தப் பக்கத்தில் டார்க் எண்ணை மட்டும் பார்த்துக்கொண்டு போயிருக்கிறேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நேரே அந்த போல்ட்டுக்குத்தான் போனேன். முதலில் தரையில் நிற்கும்போது அளந்தேன். இடது முன்பக்கம் 325, அதாவது மூன்று வாரத்தில் 5 மில்லிமீட்டர் இறங்கியிருந்தது. ஸ்டாண்டில் ஏற்றிச் சக்கரத்தைக் கழற்றி, கீழ் ஆர்முக்கு அடியில் ஜாக் வைத்து, மையத்திலிருந்து மட்கார்டு வரை மறுபடி 330 வரும்வரை தூக்கினேன். சக்கரம் இல்லாமலே ஆர்ம் இப்போது தரையில் நிற்கும் நிலைக்கு வந்துவிட்டது. பிராக்கெட்டுக்கும் புஷ்ஷுக்கும் நடுவில் உள்குழலின் விளிம்பு ஒரு நூல் அகலத்துக்கு எட்டிப்பார்க்கும். அந்த விளிம்பிலிருந்து பிராக்கெட் வரை வெள்ளை பெயின்ட் பேனாவால் ஒரே நேர்கோடு இழுத்தேன். காயவிட்டேன். நட்டை நீளக் கம்பி போட்டுத் தளர்த்தினேன். கால் சுற்று, ஒன்றும் இல்லை. அரைச் சுற்று, ஒன்றும் இல்லை. முக்காலில் ஆர்முக்குள்ளிருந்து பழைய கதவு திறக்கிற மாதிரி ஒரு 'கிர்ர்ர்', கடைசியில் ஒரு 'டொக்'. டார்ச் அடித்துப் பார்த்தால் கோடு இரண்டாக உடைந்திருந்தது. பிராக்கெட்டில் இருந்த பாதி அங்கேயே இருக்க, குழலில் இருந்த பாதி கடிகாரத்தில் பெரிய முள் இரண்டு நிமிடம் நகரும் அளவுக்கு விலகி நின்றது. 12 டிகிரி. மூன்று வாரமாக நான் டயரையும் ஷாக்கையும் ரோட்டையும் திட்டிக்கொண்டிருந்ததெல்லாம் அந்த 12 டிகிரியை.

அங்கேயே தரையில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். கோபமெல்லாம் இல்லை, விளக்கம் கிடைத்த நிம்மதிதான். அப்புறம் அந்த நிலையிலேயே இறுக்கி, வலது பக்கத்தையும் தளர்த்தி இறுக்கினேன். அங்கே கோடு அசையவே இல்லை. கீழ் ஆர்ம்களையும் விட்டுவைக்கவில்லை. அவற்றை நான் தொடவே இல்லை என்றாலும் 25 மில்லிமீட்டர் இறக்கியதால் அந்தப் புஷ்களும் பழைய உயரத்தை நினைத்துக்கொண்டு சில டிகிரி முறுக்கில்தான் நின்றிருக்கும். வண்டியை இறக்கி, முன்னும் பின்னும் உருட்டி, அளந்தால் இடது இன்னும் 3 மில்லிமீட்டர் இறங்கி 322. காலரை மேலே சுற்ற ஆரம்பித்தேன். 330 வந்தபோது நிறுத்தி மறைகளை எண்ணினேன். இரண்டு பக்கமும் ஒன்று.

(பாலியூரித்தேன் புஷ் போட்டால் இந்தத் தொல்லையே இல்லை என்று யாராவது சொல்வார்கள். உண்மைதான், அதில் உள்குழல் சுதந்திரமாகச் சுழலும். கிரீஸ் காய்ந்தால் வண்டி முழுக்கக் கீச்சுக் கீச்சென்று கத்தவும் செய்யும். எனக்கு ரப்பரே போதும்.)

நூலும் தண்ணீர் கேனும்

அதற்குப் பிறகு அலைன்மென்ட்டை நானே செய்வதென்று முடிவெடுத்தேன். மிஷின் மேல் கோபமில்லை, அது நான் கையால் நூல் கட்டி அளப்பதைவிடத் துல்லியமானது. ஆனால் அதன்முன் நிற்கும் இருபது நிமிடத்தில் நான்கு மூலையின் எக்சென்ட்ரிக் போல்ட்டுகளையும் (மையம் விலகியிருப்பதால், திருகினால் ஆர்மை நகர்த்துபவை) பொறுமையாகத் திருக யாருக்கும் நேரமில்லை. இந்த வண்டியில் முன் கீழ் ஆர்ம் ஒவ்வொன்றுக்கும் அப்படி இரண்டு போல்ட். இரண்டையும் ஒரே பக்கம் நகர்த்தினால் கேம்பர் மாறும், எதிரெதிராக நகர்த்தினால் காஸ்டர் மாறும், எதைச் செய்தாலும் டோ கெடும். அதனால் டோ எப்போதும் கடைசி. பின்பக்கத்தை முதலில் முடிக்க வேண்டும், ஏனென்றால் வண்டி எந்தத் திசையில் போகும் என்பதைப் பின் சக்கரங்கள்தான் தீர்மானிக்கின்றன. பின் டோ இடதும் வலதும் வேறுபட்டால் வித்தியாசத்தில் பாதி கோணத்துக்கு வண்டி நண்டு மாதிரி ஒருக்களித்துத்தான் போகும், ஸ்டியரிங்கைக் கோணலாகப் பிடித்தால்தான் நேரே போகும்.

முதலில் தரை. கண்ணுக்குச் சமமாகத் தெரியும் தரையை நம்பக் கூடாது. ஒளி ஊடுருவும் குழாயில் தண்ணீர் நிரப்பி நான்கு டயர் நிற்கும் இடத்தையும் பார்த்தேன். முன்பக்கம் இடது மூலை 12 மில்லிமீட்டர் பள்ளம். கேட்க அற்பமாக இருக்கும், இடது சக்கரத்துக்கும் வலது சக்கரத்துக்கும் நடுவிலுள்ள 1410 மில்லிமீட்டருக்கு அது அரை டிகிரி பொய் கேம்பர். பலகை வைத்துச் சரிசெய்தேன். டயருக்கு அடியில் நடுவில் கிரீஸ் தடவிய இரண்டு தகடுகள், சக்கரம் திரும்பும்போது தடையில்லாமல் வழுக்குவதற்கு. ஓட்டுநர் சீட்டில் நான் உட்கார்ந்துகொண்டே அளக்க முடியாதே, என் எடை 74 கிலோ. தண்ணீர் லிட்டருக்குக் கிலோ. 20 லிட்டர் கேன் மூன்று, 10 லிட்டர் கேன் ஒன்று, கேன்களின் எடையையும் சேர்த்தால் ஏறக்குறைய நான்தான். உருண்டுவிடக் கூடாதென்று சீட் பெல்ட்டும் போட்டுவிட்டேன். என்னைவிட ஒழுங்காக உட்கார்ந்திருந்தன.

இரு பக்கமும் மீன்பிடி நரம்பை இழுத்துக் கட்டி, நான்கு வீல் மையத்திலிருந்தும் அளந்து, இரண்டு நரம்பும் ஒன்றுக்கொன்று இணையாக வரும்வரை நரம்பு கட்டிய ஸ்டாண்டுகளை நகர்த்தியதில்தான் பாதி நாள் போனது. இந்த வண்டியில் பின் சக்கரங்கள் முன்னவற்றைவிடச் சற்று அகலமாக நிற்கின்றன, அதைக் கணக்கில் எடுக்காமல் பின் டயரை ஒட்டி நரம்பைக் கட்டினால் எல்லா எண்ணும் தப்பாகும். பிறகு வேலை எளிது. ரிம்மின் முன் விளிம்பிலிருந்து நரம்பு வரை, பின் விளிம்பிலிருந்து நரம்பு வரை. என் 15 அங்குல வீலில் இரண்டுக்கும் 1 மில்லிமீட்டர் வித்தியாசம் என்றால் 0.14 டிகிரி. கேம்பருக்கு ரிம்மின் மேல் கீழ் விளிம்புகளில் நேர்ச்சட்டம் வைத்து, ரசமட்டத்தோடு அளந்தேன். 400 மில்லிமீட்டருக்கு 7 மில்லிமீட்டர் சாய்ந்தால் 1 டிகிரி. காஸ்டருக்குச் சக்கரத்தை 20 டிகிரி உள்ளேயும் 20 டிகிரி வெளியேயும் திருப்பி, இரண்டு கேம்பருக்கும் உள்ள வித்தியாசத்தை ஒன்றரையால் பெருக்கினால் போதும். ஒவ்வொரு தடவை திருகிய பிறகும் வண்டியை ஒரு சுற்று உருட்டி உட்காரவைக்க வேண்டும். ஜாக்கிலிருந்து இறக்கிய வண்டி டயரை உள்ளே இழுத்துக்கொண்டு உயரமாக நிற்கும், அந்த நிலையில் எடுத்த அளவு குப்பை.

கடைசியில் முன்பக்கம் மைனஸ் 1.2 கேம்பர், 5 டிகிரி காஸ்டர், டோ பூஜ்யம். பின்பக்கம் மைனஸ் 1.6, ஒவ்வொரு பக்கமும் 0.1 டிகிரி டோ-இன் (மூக்கு உள்ளே திரும்பியிருப்பது). முன்னால் லேசாக டோ-அவுட் வைத்தால் வளைவுக்குள் இன்னும் சுறுசுறுப்பாகப் பாயும் என்பார்கள், நேர் ரோட்டில் மூக்கைத் திருப்பும் வண்டியோடு மூன்று வாரம் வாழ்ந்துவிட்ட எனக்கு அந்தச் சுறுசுறுப்பு வேண்டாம். பின்னால் அந்தக் கொஞ்சம் டோ-இன், வளைவின் நடுவில் பயந்து காலை எடுத்தாலும் வால் வெளியே வராமல் இருக்க. வலது முன்பக்கக் காஸ்டர் 4.8-க்கு மேல் வரவில்லை, எக்சென்ட்ரிக்கின் பயணம் முடிந்துவிட்டது. விட்டுவிட்டேன். எல்லா போல்ட் தலையிலும் அதே வெள்ளைப் பேனாவால் ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறேன்.

இது நடந்து நான்கு மாதம் ஆகிறது. மாதம் ஒரு தடவை நான்கு மூலையையும் அளக்கிறேன், 330 அப்படியே நிற்கிறது, கோடுகளும் உடையவில்லை. இடது வளைவும் வலது வளைவும் ஒரே காருக்கு உரியவை ஆகிவிட்டன. ரோட்டின் குறுக்கு விளிம்புகளில் இடது முன்பக்கத்துக்காக இப்போதும் தோளை இறுக்கிக்கொள்கிறேன், அடி விழுவதில்லை, பழக்கம் மட்டும் போகவில்லை. ஸ்டியரிங் வீல்தான் நேரே போகும்போது இடது பக்கம் ஒரு மயிரிழை சாய்ந்து நிற்கிறது. ஒரு டை ராடை எட்டில் ஒரு சுற்று உள்ளே, மற்றதை அதே அளவு வெளியே திருகினால் தீர்ந்தது. அதற்கு நரம்பை மறுபடி கட்ட வேண்டும், கேன்களில் தண்ணீர் பிடிக்க வேண்டும். இந்த ஞாயிற்றுக்கிழமை பார்க்கலாம் என்று நான்கு மாதமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.